முன்னாள் மாணவருக்கும் வெளியாருக்கும் பல்கலைக்கழகத் தரவுத்தளங்கள் திறக்குமா? இராமநாதபுரக் கரையிலிருந்து ஒரு கேள்வி

மண்டபம் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு அருகிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்து சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே, பல்கலைக்கழக நூலகம் எனக்குக் கொடுத்திருந்த பயனர்பெயர் செயலிழந்துவிட்டது. ஆய்வு மாணவியாக இருந்தவரை வீட்டிலிருந்தபடியே முழுமையாகப் படித்த ஆய்விதழ்கள் இப்போது கட்டுரைச் சுருக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே, ஒரு கட்டுரைக்கு முப்பது டாலர், நாற்பது டாலர் என்று விலை போட்டிருக்கிறது. நூலகத்துக்கு நேரில் சென்று கேட்டதற்கு, முன்னாள் மாணவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என் தேவை ஆடம்பரமானதன்று. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய தாய்மார்கள் தீவுகளை ஒட்டிய கடலில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளை எடுப்பவர்கள். சிலர் மூங்கில் மிதவை கட்டிப் பெப்சிப் பாசி என்ற கடற்பாசியை வளர்ப்பவர்கள். அந்த வளர்ப்புப் பாசி பவளப் பாறைகள்மீது படர்ந்து அவற்றைக் கெடுக்கிறதா, அல்லது அது மிகைப்படுத்தப்பட்ட அச்சமா என்று வகுப்பிலேயே பிள்ளைகள் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் இதுவரை வெளிவந்த ஆய்வுகளை நான் படித்தாக வேண்டும். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியவர்களும், அங்கே படிக்காமலே ஆய்வில் ஆர்வமுள்ளவர்களும், ஆய்விதழ்களைத் தரும் இந்தத் தரவுத்தளங்களை முறையான வழியில் பயன்படுத்த முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நூலகர், பரமக்குடி (ஓய்வு) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்களுக்குக் கிடைத்த பதிலில் பாதிதான் சரி. மீதிப் பாதியை யாரும் உங்களிடம் எடுத்துச் சொல்லவில்லை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அச்சு நூலை நூலகம் விலை கொடுத்து வாங்கிவிட்டால் அது நூலகத்தின் உடைமை. யாரைப் படிக்க விடலாம் என்பதை நூலகமே முடிவு செய்துகொள்ளலாம். மின்னிதழ்கள் அப்படியல்ல. அவற்றுக்கு நூலகம் செலுத்துவது சந்தா மட்டுமே; யார் படிக்கலாம் என்பதைப் பதிப்பகத்தோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் 'அனுமதிக்கப்பட்ட பயனர்' யார் என்று வரையறுக்கும் பிரிவு ஒன்று கட்டாயம் இருக்கும். இப்போது பணியிலிருக்கும் ஆசிரியர்கள், ஊழியர்கள், இப்போது படிக்கும் மாணவர்கள் ஆகியோர் அதில் அடங்குவார்கள். முன்னாள் மாணவர்கள் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அடங்குவதில்லை. சந்தாத் தொகை பெரும்பாலும் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், ஆண்டுதோறும் பெருகும் முன்னாள் மாணவர்களையும் அதே விலைக்குள் சேர்க்கப் பதிப்பகங்கள் ஒப்புவதில்லை. உங்கள் பயனர்பெயர் நின்றதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அதே பிரிவில், பல பதிப்பகங்களின் வழக்கமான ஒப்பந்தங்களில் இன்னொரு வகையினரும் இடம்பெறுவார்கள். நூலகக் கட்டடத்துக்கு நேரில் வந்து, நூலகத்தின் கணினியில் அமர்ந்து படிக்கும் வருகையாளர்கள் அவர்கள். வெளியிலிருந்து இணையம் வழியாக நுழைய அவர்களுக்கு உரிமை கிடையாது. வளாகத்துக்குள் இருக்கும்வரை உண்டு. வளாகக் கணினிகளின் ஐ.பி. முகவரியை (இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணை) கண்டுகொண்டு தரவுத்தளம் தானாகவே திறந்துகொள்வதால், பெரும்பாலும் தனிக் கடவுச்சொல்லும் தேவைப்படாது. ஆகவே நீங்கள் நூலகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'முன்னாள் மாணவிக்கு அனுமதி உண்டா' என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். 'உங்கள் ஒப்பந்தங்களில் நேரில் வரும் பயனருக்கு இடம் இருக்கிறதா, எந்தெந்தத் தரவுத்தளங்களில் இருக்கிறது' என்று கேட்டால், நூலகர் கோப்பை எடுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோப்பில் உரிமை இருந்தும் பழக்கத்தால் மறுக்கும் நூலகங்கள் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி அதுதான்.

தொண்டி, தற்போது சிங்கப்பூர் எழுதியது:

நூலகர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. என் கருத்து சற்று வேறு. முன்னாள் மாணவர்களிடம் ஆண்டுக்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு தொலைவிலிருந்தே படிக்க விட்டால் என்ன? என்னைப் போன்றவர்கள் மனமுவந்து கட்டுவோம். மண்டபத்திலிருந்து காரைக்குடிக்கோ மதுரைக்கோ ஒரு கட்டுரைக்காகப் போய்வருவது, வாரம் முழுவதும் வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியைக்கு எத்தனை சிரமம் என்று அந்தக் கரையில் வளர்ந்த எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அண்ணன் மகன் ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் படிக்கிறான். அவசரத்துக்கு அவனுடைய பயனர்பெயரை ஆசிரியைக்குக் கொடுத்தால் தவறாகுமா?

நூலகர், பரமக்குடி (ஓய்வு) எழுதியது:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம். ஒரே பயனர்பெயர் இரண்டு ஊர்களிலிருந்து அடுத்தடுத்து நுழைவதையும், குறுகிய நேரத்தில் கட்டுரைகள் மொத்தமாக இறக்கப்படுவதையும் பதிப்பகங்களின் கணினிகள் கண்காணித்துக்கொண்டே இருக்கின்றன. சந்தேகம் எழுந்தால் அந்த ஒருவரை மட்டும் நிறுத்துவதோடு போகாது. வளாகம் முழுவதற்குமே இணைப்பைத் துண்டித்துவிட்டு, நூலகத்திடம் விளக்கம் கேட்பார்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நெருக்கடியில் இருக்கும் மாணவர்கள் அப்போது தவித்துப்போவார்கள். உங்கள் அண்ணன் மகனும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவான். ஆசிரியைக்கும் அது பெருமை சேர்க்காது. பூட்டிய கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் கள்ளத் தளங்களைக் குறித்தும் இங்கே யாராவது எழுதக்கூடும்; அவற்றின்மீது பெரிய பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கட்டண யோசனை நியாயமானதே. ஆனால் நீங்கள் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தும் பணம் பதிப்பகத்தின் ஒப்புதலை வாங்கித் தராது. முன்னாள் மாணவர் உறுப்பினர் அட்டை கொடுக்கும் நூலகங்கள்கூட, அச்சு நூல்களுக்கும் வாசிப்பறைக்கும்தான் அதைக் கொடுக்கின்றன. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது முன்னாள் மாணவர்களையும் சேர்க்கும்படி பல்கலைக்கழகம் பேரம் பேச வேண்டும். ஆய்விதழ்களின் மின்தொகுப்பான ஜேஸ்டோர் போன்ற சிலவற்றில் முன்னாள் மாணவர்களுக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல அதில் சேர்ந்திருக்கின்றன. கேட்பவர்கள் இருந்தால்தான் நம் பல்கலைக்கழகங்களும் கேட்கும்.

கீழக்கரை வரலாற்று ஆர்வலர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவன் அல்லன். மரக்காயர்களின் கடல் வணிகம், பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள், அழகன்குளம் அகழாய்வு ஆகியவற்றைப் பற்றிச் சொந்த ஆர்வத்தில் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். என்னைப் போன்ற வெளியாருக்குப் பயன்பட்ட வழிகளைச் சொல்கிறேன்.

ஜேஸ்டோர் தளத்தில் நிறுவனம் எதையும் சாராமல் தனியாளாகவே இலவசக் கணக்குத் தொடங்கலாம். முப்பது நாட்களுக்கு நூறு கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ள மட்டும் முடியாது. வரலாறு, மானிடவியல், இலக்கியம் படிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. பெரியபட்டினத்தைப் பற்றி மேற்கோள்களில் மட்டுமே பார்த்துவந்த கட்டுரைகள் சிலவற்றை இப்படித்தான் முழுமையாகப் படித்தேன்; குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையாலேயே எழுதிக்கொள்கிறேன். மண்டபம் டீச்சரம்மாவின் உயிரியல் பாடத்துக்கு இது அவ்வளவாக உதவாது என்பதும் தெரியும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின் களஞ்சியமான ஷோத்கங்காவை மறந்துவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளுக்குப் பிறகு, முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகள் அங்கே சேர்க்கப்படுகின்றன. கணக்கு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு இயலும் தனித்தனிக் கோப்பாக இருக்கும். துணைநூற்பட்டியலை மட்டும் முதலில் இறக்கிப் பார்த்தாலே, அந்தத் துறையில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் அங்கே ஏராளமாக இருக்கின்றன.

பாம்பன் மீனவர் சங்கத் தொண்டர் எழுதியது:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னவை பயனுள்ளவை. ஆனால் எங்கள் ஆற்றாமையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஆய்வாளர்கள் எங்கள் இறங்குதளத்துக்கு விடியற்காலையில் வந்து, எந்தப் படகில் என்ன மீன், எத்தனை கிலோ என்று குறித்துக்கொள்கிறார்கள். நண்டையும் கணவாயையும் கையிலெடுத்து அளந்து கொடுப்பவர்கள் எங்கள் ஆட்கள்தாம். அந்தக் கணக்கு ஆங்கிலத்தில் கட்டுரையாகி, சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே திறக்கும் ஓர் இதழில் போய்ச் சேர்கிறது. பிறகு அதே கட்டுரையை ஆதாரமாகக் காட்டி, எந்த வலை கூடாது, எந்தத் தீவை நெருங்கக் கூடாது என்று எங்களிடம் சொல்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து எங்கள் வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புடைய ஆய்வுகள் பெருகிக்கொண்டே வருகின்றன. எங்களைப் பற்றிய முடிவுக்கு ஆதாரமான கட்டுரையை நாங்கள் படிக்க முடியவில்லை என்றால், கூட்டங்களில் நாங்கள் எதை வைத்து மறுத்துப் பேசுவது? எங்கள் பிள்ளைகளில் பட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள், வாசித்துச் சொல்ல அவர்களால் முடியும், வாசல்தான் திறக்கவில்லை.

முதுகுளத்தூர் ஆய்வு மாணவர் எழுதியது:

பாம்பன் அண்ணனின் கேள்வி நியாயமானது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டில் எழுத்தில் இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013இலும், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இலும் திறந்த அணுகல் கொள்கையை வெளியிட்டன. தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரையை, பதிப்பகம் அனுமதிக்கும் வடிவில், பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

நம் கரைக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்து, 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறும்வரை அங்கேயே இயங்கியது. இன்றும் மண்டபத்தில் அதன் மையம் இருக்கிறது. அந்த நிலையத்தின் மின் களஞ்சியத்தில் பல பத்தாண்டுக் காலக் கட்டுரைகளும் அறிக்கைகளும் திறந்தே கிடக்கின்றன. 1978 முதல் வெளிவந்த கடல் மீன்வளத் தகவல் மடல்களில், பாம்பனிலும் மண்டபத்திலும் கரை சேர்ந்த மீன்களின் குறிப்புகளும், ஆவுளியா (கடற்பசு) கரை ஒதுங்கிய செய்திகளும்கூட இருக்கின்றன. 1959இல் தொடங்கிய இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் ஆய்விதழையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பாம்பன் அண்ணன் தேடும் கணக்குகளில் கணிசமானவை இவற்றில் கிடைக்கும்.

ஆசிரியைக்கு ஒரு குறிப்பு. பெப்சிப் பாசி என்று தேடினால் எதுவும் வராது. அதன் அறிவியல் பெயரான கப்பாஃபைகஸ் அல்வரேசி என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்துத் தேடுங்கள். குருசடைத் தீவுப் பகுதியில் அது பவளங்கள்மீது படர்ந்ததைப் பற்றிய கட்டுரை 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. அந்த இதழ் எல்லோருக்கும் திறந்த இதழ். வளர்ப்பை ஆதரித்து எழுதப்பட்டவற்றையும் சேர்த்தே படியுங்கள்.

மண்டபம் ஆசிரியை எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னவற்றைச் செய்து பார்த்தேன்.

கரண்ட் சயின்ஸ் கட்டுரை உடனே கிடைத்தது. அதன் துணைநூற்பட்டியலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் சென்றேன். பூட்டிய கட்டுரைகளுக்கு அன்பேவால் என்ற நீட்சியை உலாவியில் நிறுவிக்கொண்டேன். கட்டுரையின் பக்கத்தைத் திறந்தால், சட்டப்படியான இலவசப் படி எங்கேனும் இருக்கும்போது ஓரத்தில் பச்சைப் பூட்டு ஒன்று திறந்து காட்டுகிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு தலைப்பின் கீழும் எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு இருக்கிறது. ஆசிரியர் தம் நிறுவனக் களஞ்சியத்தில் போட்டுவைத்த, இதழ் ஏற்றுக்கொண்ட அச்சுக்கு முந்தைய படி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பக்க எண்களும் அச்சமைப்பும் இல்லாவிட்டாலும், மதிப்பீட்டாளர்கள் ஏற்றுக்கொண்ட உள்ளடக்கம் அதுவே.

எப்படியும் கிடைக்காத ஒரு கட்டுரைக்கு, சுருக்கத்தின் அருகில் கொடுக்கப்பட்டிருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினேன். நான் யார், எதற்காகக் கேட்கிறேன், எந்தக் கட்டுரை என்பதை நான்கு வரிகளில் எழுதினேன். ஆசிரியர் கட்டுரையை அனுப்பியதோடு, பிறகு எழுதிய இன்னொன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

ஆனாலும் மீதம் இருப்பது சிறிதன்று. சூழலியல் இதழ்கள் சிலவற்றில் வந்த அண்மைக் கட்டுரைகள் எந்த வழியிலும் திறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒருவரிடம் கடிதம் எழுதிக் காத்திருப்பதும் இயல்வதன்று. எனவே நூலகர் ஐயா சொன்ன நேரடி வருகை வழியையே பற்றிக்கொள்ள விரும்புகிறேன். அதற்குப் பல்கலைக்கழகம் வரை போகத்தான் வேண்டுமா?

முதுகுளத்தூர் ஆய்வு மாணவர் எழுதியது:

போக வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கெல்லாம் சேர்த்து மத்திய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா செலுத்தும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ஆறாயிரம் கோடி ரூபாய், முப்பது பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. முன்பு அரசுக் கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட் திட்டத்தின் வழியே ஓரளவு இதழ்கள் கிடைத்தன. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே எட்டிய இதழ்கள் இப்போது சிற்றூர்களின் அரசுக் கல்லூரிகளுக்கும் வரும் வகையில் இது வகுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே இராமநாதபுரத்தில் சேதுபதி அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. முதுகுளத்தூர், திருவாடானை, பரமக்குடி ஆகிய ஊர்களிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. நூலகத்தில் ஒரே ஒரு கணினியை வருகையாளருக்கென்று ஒதுக்கினால், ஆசிரியையும் பாம்பன் அண்ணனும் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம்.

தொண்டி, தற்போது சிங்கப்பூர் எழுதியது:

அந்தத் திட்டத்தில் பள்ளி ஆசிரியர்களும் தனியாட்களும் இல்லையே? தனியார் கல்லூரிகளும் முதல் கட்டத்தில் இல்லை என்றுதான் படித்தேன். நம் மாவட்டத்தில் தனியார் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் நிலை என்ன? முன்னாள் மாணவரைப் பற்றிப் பேசும்போது, இன்றைய மாணவரே வெளியாராக நிற்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நூலகர், பரமக்குடி (ஓய்வு) எழுதியது:

தொண்டித் தம்பி சொல்வது முற்றிலும் உண்மை. அதனால்தான் வருகையாளருக்கான ஓர் இருக்கையை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அது திறந்தால் முன்னாள் மாணவர், பள்ளி ஆசிரியர், மீனவர் சங்கத்தார், தனியார் கல்லூரி மாணவர் என்று யாரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே எழாது. வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையொப்பமிட்டு உள்ளே வருபவர் யாராயினும் வாசகர்தான். கல்லூரியின் அச்சங்களும் எனக்குத் தெரியும். தேர்வுக் காலத்தில் கணினிகள் போதவில்லை என்பார்கள். யாரேனும் மொத்தமாக இறக்கிவிட்டால் பழி தங்கள்மீது விழும் என்பார்கள். கணினியில் சேமிப்புக் கருவி செருகும் துளையை அடைத்துவிடலாம், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களை மட்டும் ஒதுக்கலாம். இவையெல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்களே.

இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் எல்லோரும் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். ரூபாய்க்குப் பத்துப் பைசா. அந்தச் சட்டம் உருவாக உழைத்த சீர்காழிக்காரரான எஸ்.ஆர். இரங்கநாதன், நூலகம் எல்லோருக்கும் உரியது என்பதை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியவர். மாவட்ட மைய நூலகங்களையும் 2023இல் திறக்கப்பட்ட மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் தேசியச் சந்தாவின் அடுத்த கட்டத்தில் சேர்க்கும்படி கேட்பதற்கு, வரி செலுத்துபவர் என்ற தகுதியே நமக்குப் போதும்.

மண்டபம் ஆசிரியை எழுதியது:

அப்படியானால் மனுவை நானே எழுதுகிறேன். கல்லூரி முதல்வருக்கும் நூலகருக்கும் முகவரியிட்டு மூன்று செய்திகளைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். கல்லூரிக்குக் கிடைக்கும் தரவுத்தளங்களின் பட்டியல். அவற்றின் விதிகளில் வளாகத்துக்குள் வரும் வருகையாளரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பது. விதி இடங்கொடுத்தால் எந்த நாட்களில் ஒரு கணினியை ஒதுக்க இயலும் என்பது. மாவட்ட மைய நூலகத்துக்குத் தனி மனு. பாம்பன் சங்கத்தின் கையொப்பமும் இருந்தால் வலுச் சேரும்.

பாம்பன் மீனவர் சங்கத் தொண்டர் எழுதியது:

சங்கத்தின் முத்திரையோடு கையொப்பமிடுகிறோம். பாசி எடுக்கும் பெண்களின் குழுவையும் கேட்டிருக்கிறேன், அவர்களும் சேர்கிறார்கள். எங்களுக்குத் தேவைப்படும் கட்டுரைகளின் தலைப்புகளையும் மனுவோடு இணைத்துக் கொடுக்கிறேன். எதற்காகக் கேட்கிறோம் என்பது அதைப் பார்த்தால் விளங்கும்.

நூலகர், பரமக்குடி (ஓய்வு) எழுதியது:

இணைப்பு நல்ல யோசனை. தலைப்பை மட்டும் எழுதாமல், இதழின் பெயர், ஆண்டு, கட்டுரையின் நிலையான அடையாள எண்ணான டிஓஐ ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றில் எவையெவை அவர்கள் சந்தாவுக்குள் வருகின்றன என்று நூலகர் அன்றைக்கே பார்த்துச் சொல்லிவிடுவார். மனுவைக் கையில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வரும் பதிலை, அது எப்படி இருந்தாலும், இங்கே பதிவிடுங்கள். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ இதே கேள்வியோடு ஒருவர் வரக்கூடும்.